நெற்றிக் கேமரா

அந்தப் பனியன் கம்பெனியில் டி-ஷர்ட்டுக்குக் காலர் வைத்துத் தைப்பதற்குத் துளசிமணியை விட்டால் ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, நெற்றியில் கட்டிக்கொள்ளும் சின்னக் கேமராவை சூப்பர்வைசர் யுவராஜ் முதலில் அவளிடம்தான் நீட்டினான்.

"எதுக்குங்க சார் இது?"

"உங்க பாதுகாப்புக்குத்தானுங்க்கா. கையில ஊசி ஏறுனா உடனே தெரியுமல்லோ."

பதினாறு வருடத்தில் மூன்று முறை அவள் விரலில் ஊசி ஏறியிருக்கிறது. அப்போதெல்லாம் வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு தைக்கச் சொன்னவர்களுக்கு இப்போது என்ன திடீர் அக்கறை என்று அவளுக்கு உறுத்தியது. சாப்பிடும்போது அதைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கழற்றச் சொன்னார்கள். கை தைக்கிற நேரத்துக்கு மட்டும்தான் அது வேண்டியிருந்தது.

எட்டாம் நாள், துளசிமணி வேண்டுமென்றே ஊசியால் விரல் நுனியைக் கீறிக்கொண்டாள். ரத்தம் சொட்டும் விரலைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பிறகு விரலைக் கட்டிக்கொண்டு, காலர் முனையை வழக்கமாகத் திருப்புவதுபோல் திருப்பாமல் வேறு மாதிரி இழுத்துத் தைத்தாள். நான்காவது சட்டை முடிவதற்குள் யுவராஜ் ஓடி வந்தான்.

"ஏனுங்க்கா, புதுசா என்னமோ பண்றீங்க? எப்பவும் பண்றாப்லயே பண்ணுங்க, இல்லாட்டி பதிவு கெட்டுப்போயிரும்."

"எப்பவும் எப்படிங்க சார் பண்ணுவேன்? எனக்கே மறந்துபோச்சு."

ஒரு நாளும் மெஷினில் உட்கார்ந்து தைத்திராத யுவராஜ், கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டை லேசாகச் சாய்த்து, அவள் எப்படிச் செய்வாளோ அப்படியே அச்சுப் பிசகாமல் வெறுங்காற்றில் செய்து காட்டினான்.