முதல் வரியை விட்டுடுங்க

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் சார் செய்யறேன். முதல் வரியை விட்டுடறேன்” என்றார் கார்டு மேடம்.

எரர் டாக்டர் அவசரமாக அவர் திரையிலிருந்த கோப்பைத் திறந்து பார்த்தான்.

அலுவலகத்தில் யாருடைய புரோகிராம் படுத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். மேலிடத்து உத்தரவுப்படி, வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு பைத்தான் புரோகிராமிங் வகுப்பு எடுத்தவனும் அவன்தான். வாசல் கதவைத் திறக்கும் அட்டைகளைக் கவனிக்கும் கார்டு மேடம் அதில் முதல் பெஞ்ச்.

ஊழியர் அட்டவணையை ‘நம்பை’ என்ற பைத்தான் கருவிக்குள் ஏற்றும்போதெல்லாம் அவருக்கு அது முரண்டு பிடித்தது. அவர் எழுதியிருந்த மாதிரிக்கு எண்கள்தான் செரிக்கும். முதல் வரியிலோ ‘ஊழியர் எண்’, ‘பிரிவு எண்’ என்று எழுத்தில் தலைப்பு.

தலைப்புதானே, முதல் வரியை விட்டுவிட்டு ஏற்றுங்கள் என்றான். வகுப்பே கைதட்டியது.

திரும்பச் சேமிக்கும்போது தலைப்பு இருக்காது, வெறும் எண்கள்தான் இருக்கும் என்று சொல்ல மறந்துவிட்டான்.

மேடம் தினமும் மாலை அட்டவணையை ஏற்றுவார், திருத்துவார், அதே கோப்பில் சேமிப்பார். முதல் நாள் போனது தலைப்பு. மறுநாளிலிருந்து முதல் வரியில் ஆள். அட்டவணையில் இல்லாத ஆளுக்கு வாசல் கதவு திறக்காது.

தினம் ஒருவர். மரியாதையாக, பணியில் மூத்தவர் முதலில்.

ஸ்டோர் கீப்பர் ஒருநாள் அட்டையை வைத்தபோது கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று மாதக்கணக்காகப் பேச்சு. அட்டையைச் சட்டையில் துடைத்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையோடு வந்த வழியே நடந்தார். அடுத்த நாள் தலைமைக் கணக்கர். அப்புறம் எலக்ட்ரீஷியன்.

உள்ளே இருந்தவர்களும் கேட்கவில்லை. கேட்கிற வாய்தான் அடுத்தது என்று பயம். கணக்கரின் மேசையை யாரோ துடைத்து வைத்தார்கள். நல்ல நாற்காலி, அதை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

இன்று காலை அத்தான். டாக்டருடைய அக்காவின் கணவர். அவனை இங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்தார்.

“என்னையும் தூக்கிட்டாங்க மச்சான். உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத.”

அதைக் கேட்டுத்தான் மேடத்திடம் ஓடிவந்து விசாரித்திருந்த டாக்டர், எச்.ஆர். மேலாளரைக் கையோடு கூட்டிவந்து திரையைக் காட்டினான். யாரையும் யாரும் நீக்கவில்லை, கோளாறு தன் வகுப்பில்தான், பழைய கோப்பைப் போட்டால் இப்போதே எல்லாரும் உள்ளே வந்துவிடலாம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

மேலாளர் திரையை நோக்கிக் குனிந்து கேட்டார். யார் யாரை அனுப்பலாம் என்று கேட்டு மேலிடம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று மனிதர் தூக்கம் கெட்டுப்போயிருந்தார். ஆட்கள் காணாமல் போனபோது, தன்னைக் கேட்காமலே மேலிடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து அவரும் வாய் திறக்கவில்லை.

“போனவங்கள்ல ஒருத்தராவது ஏன்னு கேட்டாங்களா?”

“இல்ல சார்” என்றார் மேடம்.

மேலாளரின் முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்ப அதை யாரும் தொட வேணாம். அதுபாட்டுக்கு ஓடட்டும்.”

பிறகு டாக்டரின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

“தம்பி, நீ எத்தனாவது வரி?”

அவன் பதில் சொல்வதற்குள் மேடம் மௌஸை உருட்டத் தொடங்கியிருந்தார்.