எட்டு மணி இரை

"கரிமூக்கன் வந்துட்டானா?"

"வந்துட்டான்பா. வழக்கம்போல அவன்தான் முதல் ஆள்" என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடி.

"குண்டம்மா?"

"அந்த உடம்பைத் தூக்கிட்டு வர வேண்டாமா? வந்துட்டிருக்கா."

அப்பா சிரித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கண் இரண்டும் போன பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே ரூட், கட்டிலிலிருந்து கூடத்து மீன்தொட்டி வரைக்கும்தான். காலை எட்டு மணி ட்ரிப் ஒரு நாளும் தவறியதில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வருவார். இரை டப்பாவின் மூடியைத் திருகுவார். விரல்களை டப்பாவுக்குள் விட்டு, தண்ணீரின் மேல் உதறுவார்.

அந்த நேரத்தில் அவளால் தொட்டியைப் பார்க்க முடியாது. அதில் தண்ணீர் இருந்தது, கூழாங்கல் இருந்தது, காற்று மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மீன்தான் இல்லை. நாலும் செத்து நாற்பது நாள் ஆகிவிட்டது.

கொன்றது அவளேதான். பக்கத்து வீட்டுக்காரர்தான் மாதாமாதம் தொட்டியைக் கழுவித் தருவார். அவர் வீடு மாறிப் போய்விட, அப்பா நச்சரித்த நச்சரிப்பில் அன்றைக்கு அவள் கையை வைத்தாள். பழைய தண்ணீரில் பாதியை அப்படியே விட வேண்டும், புதுத் தண்ணீரை வாளியில் ஒருநாள் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று அப்பா சொல்லத்தான் சொன்னார். யார் காதில் வாங்கினார்கள்? வேலை ஒழிந்தால் போதும் என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டு, குழாயில் டியூபைச் செருகி நேராக நிரப்பிவிட்டாள். கிருமி சாக மருந்து கலந்த குழாய்த் தண்ணீர். சாயங்காலத்துக்குள் நாலும் மல்லாந்து மிதந்தன.

தன் கை பட்டால் எதுவும் பிழைக்காது என்று அன்று முடிவு கட்டினாள். புருஷனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதானே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான்? அவன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வேலையை விட்டுவிட்டு, பிறந்த வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்ததோடு சரி.

மீன் செத்த மறுநாள் காலை, அப்பா சுவரைத் தடவி வரும் சத்தம் கேட்டதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கண் போன மனுஷனுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு இந்த மீன்கள். தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாரே! அவர் இரையைத் தூவினார். சற்று நின்றார். "கரிமூக்கன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

"வந்துட்டான்பா" என்றாள், வாயில் வந்தபடி. அன்று பிடித்துக்கொண்டது இந்தப் பொய்.

வேறு மீன் வாங்கி விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் தண்ணீரில் விரலை நீட்டினால் கரிமூக்கன் வந்து சப்புவான். புது மீனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? "தண்ணியில மருந்து போட்டிருக்கு, கையை விடாதீங்கப்பா" என்றாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி போடுகிறவர், அதற்கு மட்டும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

இன்றோடு முடித்துவிடுவது என்றிருந்தாள். இனி ஒரு பொய்கூடச் சொல்லத் தெம்பில்லை. செத்ததைச் செத்தது என்று சொல்லிவிட்டு, கட்டிலில் போய் விழ வேண்டும். அதன்பிறகு யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த நினைப்பே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இந்தா, முதல்ல இதை அலமாரியில வை."

டப்பாவை வாங்கினாள். கனத்தது. நாற்பது நாளாக இரை எடுத்த டப்பா, வாங்கிய அன்று இருந்த மாதிரியே கனத்தது. மூடியைத் திறந்தாள். டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

"அப்பா... இது பிரிக்கவே இல்லையே!"

அப்பா பழக்கதோஷத்தில் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "மீன் இல்லாத தண்ணியில இரை போட்டா நாறிப்போயிடும்மா."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"மறுநாளே. இந்தப் புது டப்பாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, பழைய டப்பாவுல கடைசியா மிச்சமிருந்ததைத் தூவினேன். மேல வந்து சப்புச் சப்புன்னு தின்னுற சத்தம் கேக்கலை. கண்ணுதானே போச்சு, காது இருக்கே."

"அப்புறம் ஏன்பா? தினம் தினம் அவன் வந்தானா, இவ வந்தாளான்னு ஏன் கேட்டீங்க? நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்..." அழுதாள்.

அவர் கை காற்றில் துழாவி அவள் தலையைக் கண்டுபிடித்தது. சீவிய தலை. இந்த நாற்பது நாளாகத்தான் அதில் சீப்பு படுகிறது. அதை அவளே கவனித்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை போனதுலேருந்து தானா ஒருநாள் கட்டிலை விட்டு எழுந்திருக்காதவ, அன்னிக்கு எனக்குப் பொய் சொல்றதுக்காக எழுந்து ஓடி வந்தியேம்மா" என்றார் அப்பா. "நாளைக்கும் எட்டு மணிக்கு வந்துடு. கரிமூக்கன் வந்துட்டானான்னு கேப்பேன்."