நாலு வார்த்தை இங்கிலீஷ்

"இது இன்னா? நல்லா பாத்து சொல்லுங்க."

சுலோச்சனா தையல் நூலை எடுத்துக் கணவரின் கண்ணெதிரே பிடித்தாள். பஞ்சாட்சரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வலது கை மடியிலேயே கிடந்தது.

"ரோப்."

சொன்னதுமே தப்பென்று அவருக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இடது உள்ளங்கையை அவளிடம் நீட்டினார்.

"ஐயே, கையை மடக்குங்க. உங்களை யாரு இங்க அடிக்கப் போறாங்க?"

சுவர் மூலையில் பிரம்பு ஒன்று சாத்தியிருந்தது. பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

மறுநாள் காலைப் பஸ்ஸில் காஞ்சிபுரம் போக வேண்டும். அங்கே கேட்கிறதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் வேலை உண்டு. இல்லையென்றால் உத்திரமேரூரில் அவரை நம்பி வேறு எவன் வேலை கொடுப்பான்? போன தடவையும் இந்தக் கயிறு, நூல் விவகாரத்தில்தான் கோட்டை விட்டார். இதுதான் கடைசித் தடவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சுலோச்சனா ஐந்தாவதோடு நின்றவள். எதிர்வீட்டுத் தேவகியிடம் கேட்டு இந்த நாலு வார்த்தையை நெட்டுருப் போட்டிருந்தாள். அந்தப் பெண் வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்துவிட்டு ஓடிப்போனாள். பிரம்பு இருக்கிற வீட்டுக்குள் வர அவளுக்குப் பயம்.

"மறுபடி கேட்டுக்கோங்க. ஊசியில கோக்கறது த்ரெட். பொட்டலம் கட்டறது ஸ்ட்ரிங். சாக்கு தைக்கறது ட்வைன். மாடு கட்டறது ரோப். இவ்ளோதாங்க கீது."

சாக்குச் சணலைக் காட்டினாள். "ஸ்ட்ரிங்" என்றார். பொட்டலக் கயிற்றைக் காட்டினாள். "த்ரெட்" என்றார். மாட்டுக் கயிற்றுக்கு மட்டும் "ரோப்" சரியாக வந்தது. அது குருட்டாம்போக்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் "அப்படித்தாங்க" என்றாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

கடைசியில் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள். "இது?"

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

"சரி, வுடுங்க. இதை அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

காஞ்சிபுரத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் புதிதாக வந்திருந்த சின்ன வயசு டாக்டர். பெயர்ப் பலகையில் வரதன் என்று இருந்தது. பஞ்சாட்சரம் உள்ளே நுழைந்ததும் டாக்டர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அவர் உட்கார்ந்த பிறகுதான் தானும் உட்கார்ந்தார்.

"வாதம் சரியாப் போச்சு, பழையபடி வேலைக்குப் போவாருங்க. நீங்க சர்டிபிகேட்டுல ஒரு கையெழுத்து போட்டா போதும்" என்றாள் சுலோச்சனா. ஊரிலிருந்து புறப்பட்டபோதே மனப்பாடம் செய்துவைத்த வாக்கியம் அது.

டாக்டர் மருந்துப் பெட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய கயிற்றை அவிழ்த்துத் தூக்கிக் காட்டினார். "இது என்னன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சுலோச்சனாவின் உதடு 'ஸ்ட்ரிங்' என்று சத்தமில்லாமல் அசைந்தது. பஞ்சாட்சரம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"ரோப்."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

பஞ்சாட்சரம் மெதுவாக எழுந்தார். இடது உள்ளங்கையை டாக்டரிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கிவிட்டார். இனி என்ன எழுத வேண்டும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பேனாவை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இதே தப்புக்குத்தான் எட்டாவதுல என்னை அடிச்சீங்க, சார்."