தொண்ணூற்றாறு வாங்கிய பெண்

பிள்ளைகளின் மூளைத் திறனை அளக்க அரசு ஆண்டுதோறும் நடத்தும் மூளைத் தேர்வில் யாழிசைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வந்ததால், தினமும் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன துணையாளை நிறுத்திவிட்டார்கள். அம்மா ஹேமாவதி மகளை அலுவலக வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அதிகாரியிடம் முறையிட்டாள்.

"மேடம், பத்து வயசாகியும் தனியா ரோடு தாண்டத் தெரியாதுங்க. எனக்குக் காலைல ஏழு மணிக்கு ஷிப்ட்டு."

"திட்டமிடுதல் பகுதியில நூத்துக்கு நூறு வாங்கியிருக்காளேம்மா. போன வருஷம் முப்பதுதான்."

"தேர்வு நடக்குற ரூம்ல அடுத்து இதைச் செய், அதைச் செய்னு ஒவ்வொண்ணா சொல்றாங்க. ரோட்டுல யாருங்க சொல்லுவா?"

"முப்பது எப்படி நூறாச்சு?"

ஹேமாவதி கொஞ்சம் தயங்கினாள். "இந்தத் தேர்வுக்குன்னே டியூஷன் அனுப்பினேங்க. எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாரும் அனுப்புறாங்க."

"அப்ப நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க. அடுத்த வருஷத் தேர்வுல மார்க்கு குறைஞ்சா, துணையாள் தானா வந்துருவாங்க."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. யாழிசை நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள். மடித்த குடை அவள் கையில்தான் இருந்தது.

"விரிச்சுக்கோடி" என்றாள் ஹேமாவதி. யாழிசை உடனே விரித்துக்கொண்டாள்.

ஹேமாவதி அங்கிருந்தே டியூஷன் மாஸ்டருக்குப் போன் செய்தாள்.

"சார், இவளுக்கு மார்க்கு குறையணும். சொல்லித்தர முடியுங்களா?"

"அதுக்குத் தனி பேட்ச் இருக்குங்க. நிறையப் பேர் சேர்ந்திருக்காங்க. புதன்கிழமை சாயங்காலம் அனுப்பிருங்க."

"சரிங்க சார்."

"கூட யாரும் வர வேணாம். தொண்ணூத்தாறு வாங்கின பொண்ணுதானே, தனியா வந்துருவா."