தூக்கத்தில் நகர்ந்த படகு

"பெண்டாட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்துக் கிடக்கா. நீ உட்கார்ந்து பொம்மை செஞ்சுக்கிட்டிருக்கியா?"

கேட்டது அக்கா. அவன் சால்டரிங் கம்பியின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வந்துவிட்டால் சின்னத் திரை, பொத்தான்கள், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் செய்வான். தெருவில் அவனுக்குப் 'பேட்டரி' என்றே பெயர்.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. தம்பி மனைவியையும் பிடிக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்ற கோபம். அன்றிலிருந்து அவளிடம் நேராகப் பேசியதில்லை. ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், சமைத்தாள், துவைத்தாள். ஆனால், "மாத்திரை போடணும்னு அவகிட்ட சொல்லு" என்று அலமாரியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாத்திரை போட்டால் மனைவிக்கு எது விழிப்பு, எது தூக்கம் என்றே தெரியாது. அந்த மயக்கத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது, அவன் செய்து கொடுத்த பெட்டி. அதில் ஒரே ஓர் ஆட்டம். மூடுபனி படர்ந்த ஆறு, ஒரு சின்னப் படகு. சண்டை கிடையாது, புள்ளிகள் கிடையாது. துடுப்புப் போட்டுக்கொண்டே போகலாம். கண்ணை மூடினாலும் அதே ஆறுதான் ஓடுகிறது என்பாள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. அவள் விளையாடிக்கொண்டே தூங்கிவிடுவாள். பேட்டரி தீர்ந்து பெட்டி பொசுக்கென்று அணைந்துவிடும். அதுவரை வந்த தூரம் உள்ளே பதிவாகியிருக்காது. விழித்துப் பார்த்தால் படகு புறப்பட்ட துறையிலேயே நிற்கும். ஒருநாள் அதைப் பார்த்து அழுதுவிட்டாள். நோயிலும் அப்படித்தான், ஒவ்வொரு காலையும் புறப்பட்ட இடத்திலேயே இருப்பதுபோல் இருக்கிறது என்றாள்.

அதனால்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு சர்க்யூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கரண்ட் போனால் லிஃப்ட் ஆளை அந்தரத்தில் விட்டுவிடலாமா? பக்கத்துத் தளத்தில் இறக்கிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதேபோல் பேட்டரி சோர்ந்தாலோ, சுவிட்சை அணைத்தாலோ, பொத்தான்கள் நெடுநேரம் சும்மா கிடந்தாலோ, சர்க்யூட் உள்ளே ஒரு சேதி அனுப்பும். படகு நிற்கும் இடம் பத்திரமாகப் பதிவாகும். அதன் பிறகுதான் மின்சாரம் துண்டிக்கப்படும்.

பொருத்திக் கொடுத்தான். அன்று அவள் தூங்கி எழுந்தபோது படகு விட்ட இடத்திலேயே காத்திருந்தது. அவள் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

ஆனால் ஆற்றில் ஓரிடத்தில் பாறைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அந்த இடுக்கைத் தாண்டவே முடியவில்லை என்று சாப்பிடும்போது சொன்னாள். அக்கா, "ரொம்ப முக்கியம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அந்த அதிசயம் நடந்தது. பாறைக்கு முன்னால் தூங்கிப்போனவள் எழுந்து பார்த்தபோது, படகு பாறையைத் தாண்டி அமைதியான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அடுத்த இடுக்கிலும் அப்படியே. தூக்கத்திலேயே துடுப்புப் போட்டேனோ என்னவோ என்றாள் அவள்.

அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியைப் பிரித்தான், ஒவ்வொரு இணைப்பையும் மீட்டரை வைத்துப் பார்த்தான். பதிவு தப்பினால் படகு பின்னால் போகும், அது பழுது. முன்னால் போவது என்ன பழுது?

அடுத்த நாள் மதியம் வீடே அரைத்தூக்கத்தில் இருந்தது. மீட்டரை மனைவியின் அறையிலேயே விட்டுவிட்ட ஞாபகம் வந்து, ஓசைப்படாமல் போய்க் கதவை ஒருக்களித்தான்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி நுனி மூக்குக்கு வந்திருந்தது. கையில் அந்தப் பெட்டி. திரையின் நீல வெளிச்சம் முகத்தில் அலையாட, பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினாள். பிறகு தூங்குகிறவளின் போர்வையை இழுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"தாண்டியாச்சும்மா. இனிமே பயமில்லை."

இத்தனை வருஷத்தில் அக்கா அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவன் வந்த சுவடு தெரியாமல் திரும்பினான். பொம்மை செய்கிறான் என்று தன்னைத் திட்டியவளா இவள்!

சாயங்காலம் மனைவி கண் விழித்ததும் காதோடு காதாகச் சொன்னான். சர்க்யூட்டில் கோளாறு எதுவும் இல்லை, துடுப்புப் போடுவது அக்கா. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டாம், கூச்சப்பட்டுக் கிளம்பிவிடுவாள் என்றும் சொன்னான்.

அவள் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சிரித்தாள்.

"தெரியுமே. நான் கண்ணை மட்டும்தான் மூடியிருந்தேன்."

"அப்போ அந்தப் பாறை?"

"அது ஒரு கஷ்டமா? எப்பவோ தாண்டப் பழகிட்டேன்."

சமையலறையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி என் பக்கத்துல வந்து உட்கார, அவங்களுக்கு ஒரு சாக்கு வேணாமா?"