பிரதர் இன்னாசிக்கு எத்தனை மார்க்?

“பிரசங்கமுங்களா? பிரதரு வாயத் தொறந்தா பாதிப் பேரு தூங்கிருவமுங்க சாமி” என்றாள் ஊர்க்காரி ராயம்மாள்.

ஃபாதர் சவரிராயன் காபி தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

சித்தேரி மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு, மலை பஸ்ஸில் குடல் குலுங்க அவர் ஏறி வந்ததே நாலு நல்ல வார்த்தை கேட்கத்தான். சாமியாராகப் படிக்கிற பிரதர்கள் தங்கும் குருமடத்தில் படிப்புக்கு அவர்தான் பொறுப்பு. பரீட்சை மார்க்கெல்லாம் பேப்பரோடு சரி, பாடம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று ஊர்ஜனங்களைக் கேட்டால்தான் தெரியும் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் மல்லுக்கட்டி, போன மாதம்தான் மற்ற சாமியார்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

குருப்பட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிரதரும் ஏதாவது ஓர் ஊரில் ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய வேண்டும். அந்த ஊர் சொல்வதை வைத்துத்தான் இனிமேல் பட்டம். அதற்குப் பிறகு எந்தக் கோயில் என்பதும் அதை வைத்துத்தான்.

இந்த மலைக் கோயிலில் சாமியார் இல்லாமல் ரொம்ப நாளாயிற்று. தனி ஆளாய் இன்னாசிதான் இருந்தான். அவருக்குச் செல்லப் பிள்ளை. அவரே பிரசங்கம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பையன். நல்ல மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிற குடியானவர் மாதிரி தெம்பாகத்தான் வந்திருந்தார்.

வந்த இடத்தில் இப்படி.

ராயம்மாளுக்கு ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்று மற்றவர்களைக் கேட்டார். நோயாளிகளைப் பார்க்கப் போகிறாரா? எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம்? பிள்ளைகளைக் கண்டாலே எரிந்து விழுகிறார் என்றார்கள். ஒருத்தராவது மாற்றிச் சொல்வார் என்று பார்த்தார். ஊஹூம்.

சவரிராயனுக்கு அவமானமாக இருந்தது. வருஷக்கணக்கில் சோறு போட்டு, தத்துவமும் இறையியலும் புகட்டி அனுப்பியதற்கு இதுதான் பலனா? பையன் ஃபெயில் என்றால் வாத்தியாரும்தானே ஃபெயில்.

கடைசியாக உபதேசியார் சவுரியப்பனைத் தனியே அழைத்துப் போனார். ஜெபம் சொல்வதிலிருந்து கோயில் மணி அடிப்பதுவரை எல்லாம் பார்த்துக்கொள்கிற மனிதர். பொய் பேசமாட்டார் என்று பெயர்.

“நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க உபதேசியாரே. வேற ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா?”

சவுரியப்பன் தரையைப் பார்த்தார்.

“குடிப்பாருங்க சாமி.”

“யாரு, இன்னாசியா?”

“ஆமாங்க. நல்லாவே குடிப்பாருங்க.”

சவரிராயன் விறுவிறுவென்று இன்னாசியின் அறைக்குப் போய், கேட்டதையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

இன்னாசியின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற ஜனங்களைப் பார்த்தான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நான் தொட்டதுகூட இல்லைங்க ஃபாதர்” என்றான். “ஆனா ஊரே சொல்றப்ப என் பேச்சு எடுபடாது. இவங்களுக்கு என்ன குத்தம் பண்ணேன்னுதான் தெரியல.”



சவரிராயனுக்கு அவனை நம்பத்தான் ஆசை. ஆனாலும் என்ன செய்ய? ஜனங்கள் சொல்வதுதான் மார்க் என்று மேஜையைத் தட்டிப் பேசினவர் அவரேதான். தன் பிள்ளை என்றதும் மாற்றிப் போட்டால் ஊர் சிரிக்காதா?

“பெட்டியைக் கட்டு” என்றார்.

தகரப் பெட்டியோடு இன்னாசி வெளியே வந்ததைப் பார்த்ததும் ராயம்மாள் பதறிப்போய் முன்னால் வந்தாள்.

“பெட்டி எதுக்குங்க சாமி?”

“அவனை வீட்டுக்கு அனுப்பறேன். குடிக்கிறவனுக்குப் பட்டம் கிடையாது. இனி அவன் எந்த ஜென்மத்துலயும் சாமியாராக முடியாது.”

ராயம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சவுரியப்பன் ஓடி வந்து இன்னாசியின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினார்.

“பொய்யிங்க சாமி, அத்தனையும் பொய்யிங்க. காய்ச்சல்ல கெடந்த எம்மவளத் தோள்ல போட்டுக்கிட்டு மலையெறங்கிப் போன புள்ளைங்க இது. எங்க வூட்டுப் பசங்க நாலெழுத்து படிக்குதுன்னா இவராலதானுங்க.”

இன்னாசி ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தான். சவரிராயன் ஆத்திரத்தோடு ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

“அப்புறம் ஏன்யா? ஊரே கூடி ஒருத்தன் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடுவீங்களா?”

ராயம்மாள்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நல்ல பிரதரு யாரு வந்தாலும் டவுனு கோயிலுக்குத்தான் சாமியாரா போடறீங்க. எங்க மலைக்கு இதுவரைக்கும் அனுப்புன சாமிங்க எல்லாம் குடிகாரங்கதானுங்களே. இவரும் குடிகாரருன்னு சொன்னா எங்களுக்கே குடுத்துருவீங்கன்னு நெனச்சமுங்க.”