எழுநூற்றுப் பன்னிரண்டு காலடி

“கட்டில் காலிதான். ஆனால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு மட்டும்தான்” என்றார் கதிர்காமு.

சவுதியின் தம்மாமில் அந்த அறை முப்பத்தொரு வருடமாக அவர் பொறுப்பில் இருக்கிறது. ஆறு கட்டில். இன்றைக்கு ஐந்து பேர்.

வாசலில் பையோடு நின்றவனுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் பாலகுரு. கம்பெனியை மூடிவிட்டார்கள். தங்கியிருந்த கேம்ப்பையும் பூட்டிவிட்டார்கள். ஊருக்குப் போக எக்சிட் தாள் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

“நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாய், ஐயா.”

“அப்ப கதையைச் சொல்லும்.”

பாலகுரு திருதிருவென்று விழித்தான். கட்டிலில் படுத்திருந்த சாருஜன் சிரித்தான்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. இந்த ரூமுக்கு விசா அதுதான். யாழ்ப்பாணத்துக்கு எப்பிடி அந்தப் பேர் வந்தது? அங்கிள் எல்லாரிட்டையும் கேக்கிறவர். நான் ரெண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினனான்.”

பாலகுரு பையைக் கீழே வைத்தான்.

“முந்தி சோழ நாட்டில இருந்து கண் தெரியாத ஒரு பாணன் வந்தான். யாழ் வாசிச்சு ராசாவை மயக்கினான். ராசா ஆளில்லாத மணல் திடலைப் பரிசாக் குடுத்தார். பாணன் தன்ர சனத்தைக் கூட்டிவந்து குடியேத்தினான். அதால யாழ்ப்பாணம்.”

கதிர்காமுவின் முகம் மலர்ந்தது. “பிசகில்லை. சாருஜன், இவருக்குத் தேத்தண்ணி ஊத்தும்.”

கட்டில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பாலகுருவுக்கு வாய் நிற்கவில்லை.

“எவ்வளவு நிலம் வேணும் எண்டு ராசா கேட்டாராம். பாணன் எண்ணி எண்ணி நடந்தானாம். எழுநூற்றுப் பன்னிரண்டு காலடி. ‘என்ர காலுக்கு இவ்வளவு காணும்’ எண்டு நிண்டிட்டானாம்.”

“இதென்ன புதுசாக் கிடக்கு! ஆர் கூடப்போய் எண்ணினது?” என்றான் சாருஜன்.

“எங்கட டீச்சர் சொன்னவ.”

கதிர்காமுவின் சிரிப்பு நின்றது.

“எந்தப் பள்ளிக்கூடம்?”

பாலகுரு வாசலைப் பார்த்தான்.

“நீ கோப்பாய் இல்லை. மலைநாடு. தேயிலைத் தோட்டத்து ஆள்.”

பாலகுருவின் தலை தாழ்ந்தது. பேச்சும் மாறியது.

“ஆமாங்கய்யா. பொய்தாங்க. நாலு ரூம்ல கேட்டுட்டேன். தோட்டம்னதும் கதவச் சாத்திட்டாங்க. கட்டில் வேணாங்க, தரையில படுத்துக்கிறேன். பன்னெண்டு நாளுதாங்க.”

“பொய் சொன்ன ஆளுக்கு இங்கை இடமில்லை. கலாஸ், முடிஞ்சுது.”

“ஐயா, அந்தப் பாணனும் வெளியில இருந்து வந்தவன்தானுங்களே?”

கதிர்காமு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஊற்றிய தேநீரைத் தொடாமலே பாலகுரு பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

“வெளியில நாப்பத்தெட்டு டிகிரி, அங்கிள்” என்றான் சாருஜன். “கட்டில் சும்மாதானே கிடக்கு?”

“சட்டம் எண்டால் சட்டம்.”

“சரி, விடுங்கோ. அவர் கதைச்சதில எனக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. நீங்கள் எப்பிடிப் பிடிச்சனீங்கள்?”

கதிர்காமு ஜன்னலோரம் போய் நின்றார். பன்னிரண்டு நாள். இரண்டு கட்டிலுக்கு நடுவே மூன்று அடி இடைவெளி. பன்னிரண்டு நாளில் ஒருவன் எத்தனை பேச்சுப் பேசுவான்! எத்தனை கேள்வி கேட்பான்!

கீழே நிழலே இல்லாத தெருவில் பாலகுரு போய்க்கொண்டிருந்தான். போக்கிடம் தெரியாத நடை. முனையில் ஒரு முறை நின்று, மாடியைத் திரும்பிப் பார்த்தான்.

கதிர்காமு திரைச்சீலையை இழுத்து மூடினார். ஆனாலும் உதடு மட்டும் அந்தக் காலடிகளை எண்ணுவதை நிறுத்தவில்லை.

கதையில் அந்தக் கணக்கைச் சேர்த்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் படிப்பிக்க வந்த பத்மாசனி டீச்சர். அந்தத் தோட்டத்து லய வீடுகளின் கடைசி வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சரியாக எழுநூற்றுப் பன்னிரண்டு காலடி. ஐந்தாம் வகுப்போடு நிற்கும் வரைக்கும், கதிர்காமு தினமும் எண்ணிக்கொண்டே நடந்த வழி அது.